குதிரைக்கொம்பில் ஈத்து வளையம்

மாட்டுச் சந்தையில் பசு பிடிக்கப் போகிறவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், மடியைத் தடவிப் பார்ப்பார், அப்புறம் கை தானாகவே கொம்பின் அடிப்பக்கம் போகும். ஒவ்வொரு கன்று போடும்போதும் கொம்பில் ஒரு வளையம் விழும் என்பது கணக்கு. சினையும் பாலும் உடம்பின் சத்தை இழுத்துக்கொள்ளும் மாதங்களில் கொம்பின் வளர்ச்சி தடைபட்டு, அந்த இடத்தில் ஒரு பள்ளம் நின்றுவிடுகிறது. விற்கிறவர் ‘ரெண்டாம் ஈத்துதாங்க’ என்று சத்தியம் செய்தாலும் நாலு வளையம் இருந்தால் பேரம் நாலாம் ஈத்துக்குத்தான். அதனால்தான் சிலர் சந்தைக்கு முந்தின நாள் கொம்பைச் சீவிவிடுகிறார்கள்.

குதிரைக்குக் கொம்பு கிடையாது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மாட்டோடு குதிரையும் வருகிறது. வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பார்கள், நிறம் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பல்லை வைத்து வயதையும் ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பெண் குதிரை எத்தனை குட்டி போட்டது, எந்த இடைவெளியில் போட்டது என்று வெளியே எழுதிவைத்த இடம் எதுவும் இல்லை. உள்ளே எழுதியிருக்கிறது. அதைப் படிப்பதில்தான் சிக்கல், ஏனென்றால் ஈத்தின் எழுத்தும் வயதின் எழுத்தும் பட்டினியின் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

‘வருசா வருசம் குட்டி எடுத்தே அந்தக் குதிரையை முடிச்சிட்டாங்க’ என்பார் ஒருவர். ‘குட்டி போடத்தானே அது பொறந்திருக்கு’ என்பார் இன்னொருவர். என் கணக்கில் இரண்டு பேரும் தப்பான எண்ணைப் பார்க்கிறார்கள். மொத்தம் எத்தனை ஈத்து என்பதை மட்டும் வைத்து ஒரு குதிரையின் உடம்பைக் கணிக்க முடியாது. ஒரு ஈத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை மாதம் கிடைத்தது, அந்த மாதங்களில் தீவனம் என்ன, அப்போது வயது என்ன, இந்த மூன்றும் தெரிந்தால்தான் எதுவும் சொல்ல முடியும்.

முதலில் நாள் கணக்கு. குதிரையின் சினைக்காலம் சராசரியாக 340 நாள். 320இல் ஈன்றாலும் 360ஐத் தொட்டாலும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள். ஆண்டுக்கு 365 நாள். கழித்தால் மிச்சம் 25. அடுத்த ஆண்டும் இதே தேதியில் குட்டி வேண்டுமென்றால், ஈன்ற 25 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். பசுவுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள்தான். அதற்கு ஆண்டில் 85 நாள் கையிருப்பு உண்டு. குதிரைக்கு அந்த வசதி இல்லை.

இயற்கை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஈன்ற 5 முதல் 12 நாளுக்குள்ளேயே பெண் குதிரை மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். குதிரைப் பண்ணைகளில் இதை ‘ஃபோல் ஹீட்’ என்கிறார்கள். காலடியில் ஒரு வாரக் குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்கு உடம்பு கதவைத் திறக்கிறது. 50 கிலோ குட்டியைச் சுமந்திருந்த கருப்பை அதற்குள் சுருங்கியிருக்குமா? வேகமாகத்தான் சுருங்கும். உள்சுவர் புதுப்பிக்கப்பட்டு மறுபடி கருவைத் தாங்கும் நிலைக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கிறது. கரு உண்டானாலும் அது கருக்குழாயிலிருந்து கருப்பைக்குள் இறங்க ஐந்தாறு நாள் ஆகும். ஆக, பத்தாம் நாளுக்குப் பிறகு முட்டை வெளிவந்தால் கரு வந்து சேரும்போது வீடு கழுவி முடிந்திருக்கும். அதற்கு முன்னால் என்றால் ஈரம் காயாத தரையில் பாய் விரித்த கதைதான். அனுபவப்பட்ட கால்நடை மருத்துவர்கள் ஈன்ற முதல் பருவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துவதில்லை. ஸ்கேன் வைத்துப் பார்த்து, கருப்பைக்குள் நீர் தேங்கியிருந்தால் அந்தச் சுற்றை விட்டுவிடுகிறார்கள். விட்டால் அடுத்த பருவம் மூன்று வாரம் கழித்து. அந்த ஆண்டின் 25 நாள் கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

சரி, உடைந்தால் என்ன? காட்டில் திரியும் குதிரைக்கு ஒன்றுமில்லை. பந்தயக் குதிரைக்குத்தான் பிரச்சினை. பந்தய இனமான தோரோபிரெட் குதிரைகளுக்கு உலகின் வடபாதியில் ஜனவரி 1 எல்லோருக்கும் பொதுவான பிறந்தநாள். ஆஸ்திரேலியா போன்ற தென்பாதி நாடுகளில் ஆகஸ்ட் 1. ஜனவரி மூன்றாம் தேதி பிறந்த குட்டியும் மே கடைசியில் பிறந்த குட்டியும் ஏட்டில் ஒரே வயது. இரண்டு வயதுப் பந்தயத்தில் இவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஐந்து மாத வளர்ச்சி வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். விலையிலும் தெரியும். அதனால் எல்லோருக்கும் ஆண்டின் தொடக்கத்திலேயே குட்டி வேண்டும். ஆனால் குதிரை வெயில் நீளும் மாதங்களில் பருவத்துக்கு வரும் விலங்கு. அதை ஏமாற்ற, டிசம்பரிலேயே தொழுவத்தில் விளக்குப் போட்டு, பகலோடு சேர்த்து 16 மணி நேரம் வெளிச்சம் காட்டுகிறார்கள். மூளை ‘கோடை வந்துவிட்டது’ என்று நம்பி, பிப்ரவரியிலேயே தயாராகிறது. வெளியே பனி.

இந்த ஓட்டத்தில் உடம்புக்கு என்ன செலவாகிறது என்று பார்க்கலாம். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமம் 2007இல் வெளியிட்ட தீவன அட்டவணை உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதன்படி 500 கிலோ எடையுள்ள, வேலை எதுவும் செய்யாமல் நிற்கிற குதிரைக்கு ஒரு நாளைக்கு 16.7 மெகா கலோரி ஆற்றல் போதும். நிறைசினையில், அதாவது பதினோராம் மாதத்தில், 21.4 வேண்டும். ஈன்ற முதல் மாதம் பால் கொடுக்கும்போது? 31.7. கிட்டத்தட்ட இரட்டிப்பு. சுண்ணாம்புச் சத்து 20 கிராமிலிருந்து 36க்கு ஏறி, பால் மாதத்தில் 59 கிராமுக்குப் போகிறது. புரதம் 630 கிராமிலிருந்து 1,500 கிராமைத் தாண்டுகிறது.

இந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. சினைதான் பெரிய சுமை என்று நினைத்திருந்தேன். உடம்பை உருக்குவது பால். முதல் இரண்டு மாதங்களில் பெண் குதிரை தன் எடையில் 3 சதவீதம் அளவுக்குத் தினமும் பால் சுரக்கிறது. 500 கிலோ குதிரை என்றால் 15 லிட்டர். நம் ஊர் நாட்டு மாடு இரண்டு வேளையும் சேர்த்துக் கொடுப்பதைவிட மிக அதிகம். குட்டி மணிக்கு நாலு தடவை முட்டிக் குடிப்பதால் மடி பெருத்துத் தெரியாது. யாரும் அளந்து பார்ப்பதும் இல்லை. அதனால் இந்தச் செலவு கண்ணில் படுவதே இல்லை.

இப்போது ஒரு ஆண்டை விரித்துப் பார்க்கலாம். மார்ச் 1இல் ஈனுகிறது. மார்ச் 26இல் மறுபடி சினை பிடிக்கிறது. குட்டிக்கு ஆறு மாதம் ஆகும் ஆகஸ்ட் கடைசியில் பால் மறக்கடிக்கிறார்கள். அப்போது வயிற்றிலிருப்பதற்கு ஐந்து மாதம். நல்லவேளையாக அந்தக் கரு இன்னும் சில கிலோதான். குட்டியின் பிறப்பு எடையில் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறும். அந்தக் கடைசி மூன்று மாதம் நவம்பர் முடிவில் தொடங்கிவிடும். ஆக, பாலும் இல்லாமல் பெரிய வயிறும் இல்லாமல் பெண் குதிரை தனக்காக மட்டும் தின்னக் கிடைப்பது செப்டம்பர், அக்டோபர், நவம்பர். மூன்று மாதம். ஆறு மாதம் கரைத்ததை மூன்று மாதத்தில் கட்ட வேண்டும், அதுவும் குளிர்நாட்டில் புல் ஓய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில்.

எலும்பிலும் இதே வரவு செலவு நடக்கிறது. பால் மாதங்களில் தீவனத்திலிருந்து வரும் சுண்ணாம்பு போதாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து கடன் எடுக்கிறது. பால் குறையும்போது திருப்பிப் போடுகிறது, போடுவதற்குத் தீவனத்தில் இருந்தால். இல்லையென்றால் அடுத்த ஈத்து பழைய கடன் மேல் புதுக் கடன்.

தீவனம் சரியாக இருக்கிற பண்ணையில் இந்தக் கணக்கு சமன் ஆகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். 1983இல் டான் ஹென்னக்கி என்பவரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் டெக்சஸில் குதிரையின் உடல்நிலைக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் முறையை வகுத்தார்கள். 1 என்றால் எலும்புக்கூடு, 9 என்றால் கொழுத்துப் பிதுங்கியது. கழுத்து, தோள், விலா, முதுகு, வாலடி என்று கையால் அழுத்திப் பார்த்து எண் கொடுப்பது. இந்த முறை உருவானதே இனப்பெருக்கக் குதிரைகளுக்காகத்தான். மதிப்பு 5க்குக் கீழே இருந்த குதிரைகள் சினை பிடிக்கத் தடுமாறின, அதற்கு மேலே இருந்தவை சுலபமாகப் பிடித்தன. கையால் அழுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சினை வயிறு கண்ணை ஏமாற்றும். பக்கவாட்டில் பார்த்தால் உருண்டு திரண்டு தெரியும் குதிரைக்கு மேலே முதுகெலும்பு கூரை மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். குளிர்கால ரோமம் வேறு அதை மூடிவிடும்.

தீவனம் சமன் ஆகாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு தீவே சாட்சி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களை ஒட்டி அசாடீக் என்று ஒரு மணல் தீவு. அங்கே குதிரைகள் காட்டுத்தனமாகத் திரிகின்றன. உப்புச் சதுப்பில் முளைக்கும் புல்லைத் தின்று, உப்பின் தாகத்துக்கு நிறையத் தண்ணீர் குடித்து, வயிறு எப்போதும் உப்பித் தெரியும். பார்க்கிறவர்கள் ‘எல்லாமே சினையோ’ என்று நினைப்பார்கள். தீவின் மேரிலாந்துப் பகுதியில் குதிரைகள் பெருகித் தாவரங்களை அழித்ததால், 1990களின் நடுவிலிருந்து தேசியப் பூங்காத் துறை பெண் குதிரைகளுக்குத் தூரத்திலிருந்து ஊசித் துப்பாக்கியால் கருத்தடைத் தடுப்பூசி போட ஆரம்பித்தது. பன்றியின் சினைமுட்டை மேலுறையிலிருந்து எடுத்த புரதம் அது. போட்டால் அந்த ஆண்டு சினை நிற்காது.

குட்டி எண்ணிக்கை குறைந்தது எதிர்பார்த்ததுதான். யாரும் எதிர்பார்க்காதது அப்புறம் நடந்தது. அந்தத் தீவில் முன்பு பார்த்தே இராத கிழட்டுப் பெண் குதிரைகள் தென்பட ஆரம்பித்தன. ஜே கிர்க்பாட்ரிக், ஜான் டர்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007இல் கணக்கை வெளியிட்டார்கள். ஊசியே போடாத பெண் குதிரைகள் இறந்த சராசரி வயது ஆறைச் சற்றுத் தாண்டியது. ஓரிரு ஆண்டு ஊசி போட்டவை பத்தை ஒட்டி. மூன்று ஆண்டோ அதற்கு மேலோ போட்டவை இருபதை ஒட்டி. ஊசி போட்டவற்றின் உடம்பும் தேறியிருந்தது.

இந்த எண்ணை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. மூன்று ஆண்டு ஊசி போட்டுக்கொள்ள ஒரு குதிரை குறைந்தது அத்தனை ஆண்டு உயிரோடு இருந்திருக்க வேண்டும். சின்ன வயதில் செத்தது அந்தப் பட்டியலில் ஏற முடியாது. அதனால் ஆறுக்கும் இருபதுக்கும் நடுவிலுள்ள பள்ளம் முழுவதும் ஈத்தின் வேலை என்று எழுதினால் மிகை. ஆனாலும் அதே உப்புப் புல், அதே கொசு, அதே குளிர்காற்று. மாறியது குட்டியும் பாலும்தான். பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் பெரிது.

இப்போது மறுபக்கம். இங்கிலாந்தில் 1837இல் பிறந்த போகஹாண்டஸ் என்ற குதிரை பந்தயத்தில் தேறவில்லை. மூச்சுக்குழல் கோளாறு வேறு. ஆனால் 15 குட்டி போட்டது. 1849, 1850, 1851 என்று அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் ஸ்டாக்வெல், ரடப்ளான், கிங் டாம் என்ற மூன்று ஆண் குட்டிகள். மூன்றுமே குதிரை வம்சாவளி ஏடுகளில் அழியாத பெயர்கள். போகஹாண்டஸ் செத்தது 1870இல், 33 வயதில். குதிரைக்கு அது தொண்டு கிழ வயது. நம் காலத்துக்கு வந்தால் ஹசிலி. 1991இல் பிறந்தது, சவூதி இளவரசர் காலித் அப்துல்லாவின் ஜட்மான்ட் பண்ணைக் குதிரை. 1998, 1999, 2000, 2001 என்று நாலு ஆண்டு வரிசையாக நாலு குட்டி. நாலுமே உச்சத் தரப் பந்தயங்களில் ஜெயித்தன. 2003இல் பிறந்ததும் அப்படியே. இடைவெளி இல்லாமல் ஈன்றதால் பிற்பாடு வந்த குட்டி சோடையாகவில்லை, தாயும் 27 வயது வரை இருந்தது.

அசாடீக் குதிரைக்கும் ஹசிலிக்கும் ஈத்துக் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லாமலே இருக்கலாம். ஒன்றுக்குச் சதுப்புப் புல், இன்னொன்றுக்கு நேரத்துக்கு ஓட்ஸும் லூசர்ன் புல்லும் மருத்துவரும். ‘தொடர்ந்து குட்டி எடுத்தால் உடம்பு கெடும்’ என்ற வாக்கியத்துக்கு நடுவில் தீவனத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்காமல் இந்தப் பேச்சைத் தொடங்குவதில் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. முதல் ஈத்து உடம்பைத் தேய்ப்பதைவிடப் பழக்குகிறது. தலையீத்துக் குட்டி பொதுவாகச் சின்னது. நஞ்சுக்கொடியும் சின்னது, சீம்பாலும் பாலும் குறைவு. குதிரையின் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவர் முழுக்க மெல்லிய கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. கம்பளியின் இழைகள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சத்து குட்டிக்குப் போகும். தலையீத்தில் இந்த ஒட்டுப் பரப்பு குறைவாகவும் அடுத்தடுத்த ஈத்துகளில் கூடுதலாகவும் இருப்பதை இங்கிலாந்தின் நியூமார்க்கெட் ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒரு தடவை விரிந்த கருப்பைக்கு இரண்டாம் தடவை வேலை தெரிகிறது. மாட்டில் மூன்றாம் ஈத்துக்கு நல்ல விலை கேட்கிற நம் ஊர்க்காரருக்கு இது புதிதாக இருக்காது.

அப்படியானால் கெடுதல் எங்கே? கருப்பைக்குள் போக வேண்டும். ராபர்ட் கென்னி என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1978இல் ஒரு தரப்பட்டியல் போட்டார். கருப்பைச் சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, பின்னர் திருத்தப்பட்ட வடிவில் நாலு தரமாகப் பிரிப்பார்கள். முதல் தரமென்றால் குட்டி முழுதாகப் பிறக்க நூற்றுக்கு 80 முதல் 90 வாய்ப்பு. கடைசித் தரமென்றால் நூற்றுக்குப் பத்து. முக்கியமாகப் பார்ப்பது சுவரிலுள்ள சுரப்பிகளைச் சுற்றி நார் கட்டியிருக்கிறதா என்பதை. நஞ்சுக்கொடி நன்றாக ஒட்டுவதற்கு முந்தைய வாரங்களில் கருவுக்குச் சோறு அந்தச் சுரப்பிகளின் பால்தான். நார் கட்டி அடைத்தால் கரு இரண்டு மூன்று மாதத்துக்குள் பட்டினியில் கரைந்துவிடும். இந்த நாரைக் கரைக்க மருந்து இல்லை.

ஒவ்வொரு குட்டியும் கொஞ்சம் கொஞ்சமாக நார் கட்டிவிட்டுப் போகிறது என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். ஆனால் ஒரு குட்டியும் போடாமல் விளையாட்டுக் களத்திலேயே 15 வயதைத் தாண்டி, அப்புறம் பண்ணைக்கு வந்த கன்னிக் குதிரைகளின் கருப்பையிலும் அதே நார் இருந்தது. நாரைக் கட்டுவதில் பெரிய பங்கு வயதுக்கு. சொல்லப்போனால் இந்த வயதான கன்னிக் குதிரைகள் இன்னும் தொல்லை. கருப்பை வாய் சரியாகத் தளராது, இணைசேர்ந்த பின் உள்ளே நீர் தேங்கி நிற்கும்.

வயதையும் ஈத்தையும் பிரித்துக் காட்டுகிற ஓர் இடம் உண்டு. கருப்பைச் சுவரின் ரத்தக்குழாய்கள். ஒவ்வொரு சினையிலும் அவை பல மடங்கு பெருத்து, ஈன்ற பின் சுருங்குகின்றன. சுருங்கும்போது குழாய்ச் சுவரில் மீள்நார்கள் படிந்து கெட்டியாகின்றன. அடுத்த சினையில் மறுபடி. குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் குழாயைச் சுற்றி அடுக்கடுக்காக வளையங்கள் தெரியும். வயதான கன்னிக் குதிரையில் இது லேசாகத்தான் இருக்கும். பல ஈத்து கண்டதில் தடித்துக் கிடக்கும். குதிரைக்கொம்பு என்றால் இல்லாத பொருள் என்று சொல்கிறோம். இல்லாத கொம்பின் வளையங்கள் இங்கே இருக்கின்றன.

கெட்டியான குழாயில் ரத்தம் ஓடுவதும் நீர் வடிவதும் மந்தமாகும். பல குட்டி சுமந்த கருப்பை அடிவயிற்றுக்குள் தொங்கியும் விடுகிறது. இணைசேரும் ஒவ்வொரு முறையும் கருப்பைக்குள் அழற்சி வருவது இயல்பு. விந்தணுவும் அழுக்கும் உள்ளே போனால் உடம்பு எதிர்க்கத்தான் செய்யும். இளம் குதிரை ஒன்றிரண்டு நாளில் சுருக்கித் தள்ளிவிடும். தொங்கிய கருப்பைக்கு மேட்டில் ஏற்றித் தள்ள வேண்டிய வேலை. தள்ள முடியாமல் நீர் நின்றால் கரு இறங்கும்போது விஷக்குளம். இதற்குத்தான் வயதான குதிரைகளுக்கு இணைசேர்ந்த சில மணி நேரத்தில் கருப்பையைக் கழுவி, அதைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள்.

வெளிவாசலும் மாறுகிறது. பிறப்புவாய் ஏறக்குறைய நேராக, இடுப்பெலும்புக்குக் கீழே இருக்க வேண்டும். ஈத்துக்கு ஈத்து அந்தப் பகுதியின் தசைகள் தளர்ந்து, ஆசனவாய் உள்ளே அமுங்க, பிறப்புவாய் சாய்ந்து படுக்கையாகிவிடும். பால் கொடுத்து மெலிந்த குதிரையில் கொழுப்பும் வற்றிவிடுவதால் இன்னும் மோசம். அப்புறம் ஓடும்போதெல்லாம் காற்றும் சாணமும் உள்ளே இழுபடும். எட்வர்ட் காஸ்லிக் என்ற மருத்துவர் 1937இல் இதற்கு ஒரு வழி எழுதினார்: மேல்பாதியைத் தைத்து மூடிவிடுவது. இன்றும் அவர் பெயரில்தான் அந்தத் தையலைச் சொல்கிறார்கள். குட்டி வருவதற்கு முன் பிரிக்க வேண்டும், ஈன்ற பின் மறுபடி ஓரம் சீவித் தைக்க வேண்டும். பத்து ஆண்டு இப்படிப் பிரித்துத் தைத்த குதிரையில் தைக்கவே சதை மிச்சமிருக்காது. தையல் நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் இயல்பாகவே ஓய வேண்டிய ஒரு கருப்பையை இன்னும் ஐந்து ஆண்டு ஓட்ட முடிவதும் இதே தையலால்தான்.

இதுவரை சொன்னது மெல்லத் தேய்வது. ஒரே ராத்திரியில் முடிகிற சமாசாரமும் உண்டு. குதிரையின் பிரசவம் வேகமானது, மூர்க்கமானது. பனிக்குடம் உடைந்தால் 20 முதல் 30 நிமிடத்தில் குட்டி வெளியே வர வேண்டும். மாட்டைப் போல மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. 50 கிலோ உடம்பு, நீண்ட கால்கள், அந்த வேகம். கருப்பை வாய் கிழியலாம், குடல் நசுங்கலாம். மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழாவிட்டால் நச்சு ரத்தத்தில் கலந்து குளம்பு வரைக்கும் பாயலாம். வயதான, பல ஈத்து கண்ட குதிரைகளில் கருப்பைக்குப் போகும் பெரிய தமனி வெடிப்பது தனி ஆபத்து. முன்னே சொன்ன கெட்டித்த குழாய்களின் பெரிய அண்ணன் அது. உள்ளே ரத்தம் கொட்டும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. வியர்த்து, ஈறு வெளுத்து, நின்றபடியே சாயும்.

அர்பன் சீ என்ற குதிரை 1993இல் பிரான்ஸின் ஆர்க் டி ட்ரையோம்ஃப் பந்தயத்தை ஜெயித்தது. 1996இலிருந்து கிட்டத்தட்ட ஆண்டுக்கு ஒரு குட்டி. 1998இல் பிறந்த கலிலியோ எப்சம் டெர்பியை ஜெயித்து, பின்னால் உலகின் முதன்மையான பொலிகுதிரையானது. 2006இல் சீ த ஸ்டார்ஸ். 2009 மார்ச்சில், 20 வயதில், அயர்லாந்தில் இன்னொரு ஆண் குட்டியை ஈன்றுவிட்டு அந்தப் பிரசவச் சிக்கலில் அர்பன் சீ செத்தது. குட்டி பிழைத்தது. சில வாரம் கழித்து சீ த ஸ்டார்ஸ் அந்த ஆண்டின் பந்தயங்களில் இறங்கி டெர்பியையும் ஆர்க்கையும் ஜெயித்தது.

இதைப் படித்து ‘கிழவியை விட்டிருக்கலாமே’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அமெரிக்காவின் ரேச்சல் அலெக்சாண்ட்ராவைப் பாருங்கள். 2009இல் ஆண் குதிரைகளைத் தோற்கடித்து பிரீக்னஸ் பந்தயத்தை ஜெயித்த குதிரை. 2013 பிப்ரவரியில் அதற்கு ஏழு வயது, இரண்டாம் ஈத்துதான். பெரிய பெண் குட்டி. ஈனும்போது குடல் அடிபட்டு, வயிற்றுக்குள் தொற்று பரவி, அறுவை செய்து மயிரிழையில் காப்பாற்றினார்கள். அதற்கப்புறம் உரிமையாளர்கள் அதைச் சினைக்கு விடவே இல்லை. ஆக, ஈத்து ஒவ்வொன்றும் ஒரு தாயக்கட்டை உருட்டல். பத்து தடவை உருட்டுகிறவர் பத்து தடவை ஆபத்தைக் கூப்பிடுகிறார். வயது ஏற ஏற கட்டையும் கோணலாகிறது.

வெளியே தெரிகிற மாற்றங்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, ஏனென்றால் அவை குறைவாகவே பேசுகின்றன. பல ஈத்து கண்ட குதிரைக்கு வயிறு தொங்கும், முதுகு குழியும், மேல்தசை வற்றும். குழிந்த முதுகு பரம்பரையிலும் வரும், சும்மா வயதாலும் வரும். தொங்கிய வயிற்றோடு பத்து ஆண்டு சுகமாக மேய்கிற குதிரைகள் உண்டு. அபூர்வமாக நிறைசினையில் அடிவயிற்றைத் தாங்கும் தசைநாரே அறுந்துபோகும். அது வேறு, அது அவசரம். மற்றபடி சந்தையில் முதுகைப் பார்த்து ‘இது பத்து ஈத்து’ என்று சொல்கிறவரை நான் நம்பமாட்டேன்.

அர்ஜென்டினாவின் போலோ ஆட்டக்காரர்கள் வேறு வழி கண்டிருக்கிறார்கள். நல்ல ஆட்டக் குதிரையின் கருவைக் கழுவி எடுத்து, வேறொரு குதிரையின் வயிற்றில் வைத்துவிடுகிறார்கள். ஆட்டக் குதிரை களத்திலேயே இருக்கும். சினை, பால், தையல் எல்லாம் ஊர்பேர் தெரியாத வாடகைத் தாய்க்கு. தோரோபிரெட் ஏடுகள் இதை ஏற்பதில்லை. செயற்கைக் கருவூட்டலைக்கூட ஏற்பதில்லை. அங்கே பெயருக்குரிய தாய்தான் சுமக்க வேண்டும், நேரில்தான் இணைசேர வேண்டும்.

அதனால் அந்த 25 நாள் கணக்கு அங்கே ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு சுற்று தவறினால் குட்டி மூன்று வாரம் பிந்தும். அடுத்த ஆண்டு இன்னொரு சுற்று தவறும். பிப்ரவரியில் ஈன்ற குதிரை நாலைந்து ஆண்டில் மே கடைசிக்கு வந்து நிற்கும். அப்போது பண்ணைக்காரர் கணக்குப் போட்டுப் பார்ப்பார். இப்போது இணைசேர்த்தால் ஜனவரி 1 விதியில் குட்டிக்கு விலை கிடைக்காது. ‘இந்த வருசம் சும்மா இருக்கட்டும்’ என்று விட்டுவிடுவார். பண்ணை ஏட்டில் அந்த ஆண்டுக்கு நேரே கோடு விழும். பால் மறக்கடித்த பின் குதிரைக்கு மாதக்கணக்கில் புல்லும் வெயிலும். விலா மூடும், எலும்பு தன் கடனை வாங்கிக்கொள்ளும், வாலடியில் சதை ஏறும். டிசம்பர் முதல் வாரத்தில் தொழுவத்தில் விளக்கு எரியும்போது, பண்ணையில் வயிற்றில் ஒன்றும் இல்லாமல் நிற்கும் அந்தக் குதிரையைத்தான் முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கட்டுவார்கள்.